பழைய ஸ்னோ புளோவரில் தீப்பொறி நின்றால்: வாசகர் கேள்வி – பதில்

முதல் பனி விழுந்த கையோடு வந்து சேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பழைய ஸ்னோ புளோவர் (பனியை வாரி வீசும் இயந்திரம்) கிளம்ப மறுப்பதைப் பற்றியவை. கார்புரேட்டர் கோளாறுகளை வேறோர் இதழுக்கு ஒதுக்கிவிட்டு, தீப்பொறி தொடர்பான கேள்விகளுக்கு மட்டும் இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: வீடு வாங்கியபோது கராஜில் விட்டுச் செல்லப்பட்டிருந்த, 1970களைச் சேர்ந்த ஸ்னோ புளோவர் எங்களிடம் இருக்கிறது. டெக்கம்சே நிறுவனத்தின் 8 குதிரைத்திறன் எஞ்சின். சென்ற குளிர்காலம் முழுவதும் நன்றாக வேலை செய்தது. இப்போது கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் ஒரு முறைகூடப் பற்றவில்லை. பிளக்கைப் புதிதாக மாற்றிவிட்டேன். திருத்துபவர் காயிலை மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா? – ஸ்காபரோ வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தக் காலத்து எஞ்சின்களில், தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயில் பழுதாவது உண்டுதான். ஆனால் காயிலின் மின்னோட்டத்தை மூடித் திறக்கும் பாயிண்டின் முனைகளில் அழுக்குப் படிவதும், எஞ்சினை நிறுத்தும் கம்பி காப்பு உரிந்து எங்காவது உலோகத்தில் தொட்டுக்கொள்வதும் அதைவிட அடிக்கடி நிகழ்பவை, அவற்றைச் சரிசெய்ய அநேகமாகச் செலவும் இல்லை. மேலும் உங்கள் எஞ்சினில் காயிலும் பாயிண்டும் ஃபிளைவீலுக்கு (அச்சோடு சுழலும், காந்தம் பதித்த சக்கரம்) உள்ளே இருப்பதால், அதைக் கழற்றுவதற்கு முன்பாக வெளியிலிருந்து செய்யக்கூடிய சோதனைகள் அனைத்தையும் முடித்துவிடுவதே முறை.

சோக் போட்டு நாலைந்து முறை இழுத்த பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை, அது வேறு விசாரணை. நனைந்திருந்தால்தான் தீப்பொறியைச் சந்தேகிக்க வேண்டும். பிளக்கை எஞ்சின் மேல் சாய்த்து வைத்து, கயிற்றை இழுத்துப் பொறி தெரிகிறதா என்று பார்ப்பது பலரது வழக்கம். ஆனால் திறந்த காற்றில் 0.030 அங்குல இடைவெளியைத் தாண்டுவது எளிது, சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையின் நடுவே அதே இடைவெளியைத் தாண்டுவதற்கு மிகக் கூடிய மின்னழுத்தம் வேண்டும். வெளியே கண்ணுக்குத் தெரிந்த மெல்லிய பொறி உள்ளே போனதும் இல்லாமற் போவது இதனால்தான். இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய தீப்பொறிச் சோதனைக் கருவி வாகன உதிரிப்பாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அதைப் பிளக் கம்பியில் மாட்டி, அதன் கவ்வியை எஞ்சினின் வெறும் உலோகத்தில் பிடிக்கவைத்து இழுத்துப் பாருங்கள். பொறி நீலநிறத்தில், ‘சடக்’ என்ற ஓசையோடு தாவினால் குறையில்லை. மஞ்சளாக, நூலிழை போலத் தெரிந்தால் பலவீனம் என்று கொள்ளலாம்.

சோதனையைப் பிளக் துளையின் அருகே செய்யாதீர்கள், அங்கிருந்து தெறிக்கும் பெட்ரோல் பற்றிக்கொள்ளும். பிளக் கம்பியை எதிலும் மாட்டாமல் அந்தரத்தில் விட்டும் இழுக்காதீர்கள். வெளியேற வழியில்லாத உயர் மின்னழுத்தம் காயிலின் உட்காப்பைத் துளைத்துவிட்டால், நல்ல காயிலை நீங்களே கெடுத்ததாகிவிடும். கயிற்றையும் விரைவாக இழுக்க வேண்டும். பேட்டரியின்றி ஃபிளைவீல் காந்தத்தால் மின்சாரம் உண்டாக்கும் இந்த அமைப்பின், அதாவது மக்னீட்டோவின், வலிமை காந்தம் கடக்கும் வேகத்தைப் பொறுத்தது என்பதால், குளிரில் கெட்டித்துப்போன எண்ணெயோடு மந்தமாகச் சுழலும் எஞ்சினில் பழுதில்லாத காயிலும் சோர்ந்த பொறியையே தரும். பழைய கெட்டி எண்ணெயை வடித்துவிட்டு 5டபிள்யூ-30 ஊற்றியதும் ‘தீப்பொறிக் கோளாறு’ தீர்ந்துபோன எஞ்சின்கள் உண்டு.

பொறி அறவே வரவில்லையென்றால், அடுத்து நிறுத்தும் கம்பியைப் பாருங்கள். காரில் சாவியைத் திருப்பினால் காயிலுக்கு மின்சாரம் போகிறது; இங்கே நிலைமை நேர்மாறு. மக்னீட்டோ தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதால், அதை எஞ்சின் உடலோடு சேர்த்து வீணாக்குவதன் மூலமே எஞ்சினை நிறுத்த முடியும். சாவி, பொத்தான், வேக நெம்புகோல் கடைசி நிலைக்கு வரும்போது தொடும் சிறு தகடு ஆகிய எல்லாம் செய்வது இதைத்தான். பல்லாண்டு அதிர்வில் அந்தக் கம்பியின் காப்பு உரிந்து தகரத்தைத் தொட்டுவிட்டால், எஞ்சின் எப்போதும் ‘நிறுத்து’ என்ற கட்டளையிலேயே இருக்கும். நெம்புகோலின் இழுவைக் கம்பி தளர்ந்துபோய், நீங்கள் மேலே நகர்த்தினாலும் எஞ்சின் பக்கத்திலுள்ள கை அந்தத் தகட்டை விட்டு விலகாமலே இருப்பதும் உண்டு. கம்பியை எஞ்சின் முனையில் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். பொறி வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கம்பி இல்லாமல் எஞ்சினை ஓடவிட வேண்டாம், அவசரத்துக்கு நிறுத்த வழி இருக்காது.

பிளக் தலையில் மாட்டும் ரப்பர் தொப்பியின் உள்ளே இருக்கும் உலோகக் கவ்வி துருப்பிடித்திருக்கிறதா, கம்பியில் வெடிப்பு உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒருவரை இழுக்கச் சொன்னால், வெடிப்பின் வழியே கசியும் பொறி இருட்டில் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: நிறுத்தும் கம்பியைக் கழற்றியும் பொறி வரவில்லை. ஃபிளைவீலைக் கழற்றாமல் தீராது என்று தெரிகிறது. அதைச் சேதமின்றி எடுப்பது எப்படி? பாயிண்டையும் கண்டென்சரையும் கட்டாயம் மாற்ற வேண்டுமா, சுத்தம் செய்தால் போதுமா? – மார்க்கம் வாசகி

பதில்: பிளக் கம்பியைக் கழற்றி, பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கிக் கட்டிய பிறகே எதையும் தொடுங்கள். கயிற்றுச் சுருள் உள்ள மூடியை எடுத்தால் ஃபிளைவீலின் நட்டு தெரியும். அதைக் கழற்றும்போது, ஃபிளைவீல் சுழலாமல் இருப்பதற்காகக் குளிர்விக்கும் இறகுகளுக்கிடையே திருப்புளியைச் செருகாதீர்கள். அது வார்ப்பு உலோகம், இறகு ஒன்று உடைந்தால் சுழற்சியின் சமநிலையே கெட்டுவிடும். சுற்றிப் பிடிக்கும் பட்டையுள்ள முறுக்கியைப் பயன்படுத்துங்கள். நட்டு வந்ததும் ஃபிளைவீல் வந்துவிடாது, ஏனெனில் அது கூம்பு வடிவ அச்சில் இறுகிப்போய் இருக்கும். அச்சு நுனியின் மரையில் திருகிக்கொண்டு, மேலே சுத்தியலால் தட்டுவதற்கென்றே விற்கப்படும் கருவி ஒன்று உண்டு, அதுவே நல்லது. வெறும் அச்சின் மேல் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும். விளிம்பைக் கவ்வி இழுக்கும் இழுவானை மாட்டினால் ஃபிளைவீல் வளையும் அல்லது வெடிக்கும்.

உள்ளே காயிலையும் பாயிண்டையும் தாங்கி நிற்பது ஸ்டாட்டர் தட்டு. அதன் திருகுகளைத் தளர்த்த வேண்டி வந்தால், முதலில் தட்டின் விளிம்பிலும் எஞ்சினிலும் சேர்ந்தாற்போல ஒரு கீறல் போட்டு அடையாளம் செய்துகொள்ளுங்கள். தீப்பொறி எந்தக் கணத்தில் எழ வேண்டும் என்பதை இந்தத் தட்டின் நிலையே தீர்மானிக்கிறது. அடையாளத்தைத் தவறவிட்டால், பிஸ்டனின் உயரத்தை அளந்து நேரத்தைப் புதிதாக அமைக்கும் நீண்ட வேலை வந்து சேரும்.

ஃபிளைவீலின் காந்தம் காயிலின் இரும்பு அடுக்கைக் கடக்கும்போது, மூடியிருக்கும் பாயிண்டின் வழியாக முதன்மைச் சுருளில் மின்சாரம் ஓடுகிறது. அச்சிலுள்ள கேம் என்ற புடைப்பு பாயிண்டைத் திறந்ததும் அந்த ஓட்டம் சட்டென்று அறுபட்டுக் காந்தப்புலம் சரிய, பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் உயர் மின்னழுத்தம் பிறக்கிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அதன் முனைகளுக்கிடையே பொறி தாவாதபடி தடுத்து, அந்த அறுபடுதலைக் கூர்மையாக்குவதே கண்டென்சரின் வேலை. ஊரில் பழைய ஸ்கூட்டர்களில் சி.பி. பாயிண்ட் தேய்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஆகவே முதல் கேள்வி, மூடிய நிலையில் பாயிண்ட் உண்மையிலேயே மின்சாரத்தைக் கடத்துகிறதா என்பதுதான். கோடை முழுவதும் ஓடாமல் நின்ற இயந்திரத்தில், கண்ணுக்குத் தெரியாத துருப்படலமும் எண்ணெய்ப் படலமும் முனைகளில் படிந்து அந்த மெல்லிய ஓட்டத்தை அடைத்துவிடும்.

மீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் இங்கே ஏமாறுவது வழக்கம். முதன்மைச் சுருளின் தடை ஓர் ஓமுக்கு அருகிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். அதன் மறுமுனை எஞ்சின் உடலோடு சேர்ந்திருப்பதால், பாயிண்ட் திறந்திருந்தாலும் மீட்டர் ‘இணைப்பு உண்டு’ என்றே காட்டும். காயிலிலிருந்து வரும் கம்பியையும் கண்டென்சர் கம்பியையும் பாயிண்டிலிருந்து பிரித்த பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும்: மூடும்போது தடை ஏறத்தாழ பூச்சியமாகவும், திறக்கும்போது முடிவிலியாகவும் இருக்க வேண்டும்.

முனைகள் சாம்பல் நிறத்தில், ஓரளவு சமமாக இருந்தால் சுத்தம் செய்தாலே போதும். பாயிண்டுக்கென்று விற்கப்படும் மெல்லிய அரத்தால் இரண்டொரு முறை இழுத்துவிட்டு, அசிட்டோனில் நனைத்த வெள்ளை அட்டைத் துண்டை மூடிய முனைகளுக்கிடையே, அட்டையில் கறை படியாத வரை இழுத்தெடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அதிலிருந்து உதிரும் துகள் முனைகளில் பதிந்து, அழுக்கைவிட அதிகத் தொல்லை தரும். ஒரு முனையில் குழியும் மறுமுனையில் மேடும் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

பிறகு அச்சைத் திருப்பி, பாயிண்ட் மிக அகலமாகத் திறந்து நிற்கும் இடத்தில் இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு, அதாவது அரை மில்லிமீட்டருக்கு அமையுங்கள். இந்த அளவில் அலட்சியம் கூடாது. இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறந்து தீப்பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். கேமில் உரசும் நார்க்கட்டை தேயத் தேய இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வருவதால், நெடுநாள் கவனிக்காத எஞ்சின் வலுவிழந்து, வெந்நீர்ப் பானை போலக் கொதித்துக்கொண்டு ஓடும். அளக்கும் ஃபீலர் கேஜின் தகடுகளில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதைத் துடைக்காமல் நுழைத்தால், பாடுபட்டுத் துடைத்த முனையில் மறுபடி எண்ணெய் ஏறிவிடும். வேலை முடிந்தும் பொறி வராமல் திண்டாடுபவர்களுள் பலருக்கு நேர்ந்தது இதுதான். எண்ணெய் ஏராளமாக இருந்தால், தட்டுக்குப் பின்னாலுள்ள அச்சின் ஆயில் சீல் கசிகிறது என்று பொருள். சீலை மாற்றாமல் பாயிண்டை மட்டும் துடைத்தால் சில வாரங்களில் மறுபடி கழற்ற நேரும்.

கண்டென்சரைப் பொறுத்தவரை, மீட்டரில் அதன் கொள்ளளவு பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மைக்ரோஃபாரட் வரை காட்டும். ஆனால் ஓடும்போது அது தாங்க வேண்டிய மின்னழுத்தத்தை எந்தக் கைமீட்டரும் தருவதில்லை. ஆகையால் மீட்டரில் தேறிய கண்டென்சர் வேலையில் தோற்கக்கூடும். பாயிண்ட் முனைகள் கருகியோ நீலம் பாய்ந்தோ இருப்பதே நம்பத்தகுந்த சான்று. அப்படியிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். முனைகள் நன்றாக இருந்தால் பழைய கண்டென்சரை விட்டுவிடுவதே என் விருப்பம். இன்று விற்பனையாகும் மலிவான மாற்றுகள் எல்லாமே பழையதற்கு ஈடாக நிற்பதில்லை.

மீண்டும் பூட்டும்போது கூம்பு அச்சையும் ஃபிளைவீலின் துளையையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, ஃபிளைவீல் அச்சின் மேல் நழுவாமல் பிடிக்கும் சாவிக்கட்டையைச் சரியாக இருத்தி, எஞ்சின் கையேட்டில் உங்கள் மாதிரிக்குக் குறித்துள்ள அளவுக்கு நட்டை முறுக்குங்கள்.

கேள்வி: கார் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் தீப்பொறி வலுவாக வருமா? – பிராம்ப்டன் வாசகர்

பதில்: வராது, காயிலும் பாயிண்டும் கருகும். மக்னீட்டோவுக்கு வெளி மின்சாரம் தேவையே இல்லை. சில இயந்திரங்களில் வீட்டு 120 வோல்ட் இணைப்பில் செருகி எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் இருக்கும். அது கயிற்றை இழுக்கும் கைக்கு மாற்று, தீப்பொறிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: எஞ்சின் முதல் இழுப்பிலேயே கிளம்புகிறது. இருபது நிமிடம் பனி தள்ளிய பின் திடீரென நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது. காயில் சூடாகிப் பழுதாகிறது என்று நண்பர் சொல்கிறார். – மொன்றியல் வாசகர்

பதில்: நண்பர் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் இதே அறிகுறியைக் காட்டும் எளிய கோளாறு ஒன்றும் உண்டு. பெட்ரோல் தாங்கியின் மூடியில் காற்று நுழைவதற்கென உள்ள நுண்துளையைப் பனியோ ஈரமோ அடைத்துவிட்டால், பெட்ரோல் கீழிறங்கத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நிற்கும்; காத்திருக்கும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து நுழைந்ததும் மறுபடி ஓடும். எனவே அடுத்த முறை நின்றதும் மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு உடனே இழுத்துப் பாருங்கள். ஓடினால் காயிலை மறந்துவிடலாம்.

ஓடாவிட்டால், ஆறவிடாமல் அப்போதே சோதனைக் கருவியை மாட்டுங்கள். ஆறிய பிறகு செய்யும் சோதனை இந்தக் கோளாறில் ஒன்றுக்கும் உதவாது. சூட்டில் பொறி இல்லையென்றால், பிளக் கம்பியின் நுனிக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்து இரண்டாம் சுருளின் தடையை அளக்கலாம். இதற்கு ஃபிளைவீலைக் கழற்ற வேண்டியதில்லை. குளிர்ந்த நிலையில் சில ஆயிரம் ஓம் காட்டிய மீட்டர், சூட்டில் எண்ணே காட்டாமல் போனால் அல்லது அளவு தாறுமாறாகத் துள்ளினால், காயிலுக்குள் இழை அறுந்திருக்கிறது: சூட்டில் விரிந்து பிரிகிறது, ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது. தடை மாறாமலிருந்தும் பொறி இல்லையென்றால் முதலில் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். காயிலின் காப்பு சூட்டில் தோற்பதை மீட்டர் காட்டாது என்பதால், கண்டென்சர் மாற்றியும் தீராதபோது மட்டுமே காயிலை மாற்றலாம்.

கேள்வி: கயிற்றை இழுத்தால் கையையே பின்னுக்கு வெடுக்கென்று இழுக்கிறது, சில வேளை கார்புரேட்டர் வழியாக வெடிச் சத்தமும் வருகிறது. காயில் ஃபிளைவீலுக்கு வெளியே இருக்கிறது, பாயிண்ட் எதையும் காணவில்லை. – ஒட்டாவா வாசகர்

பதில்: உங்களுடையது பாயிண்ட் இல்லாத மின்னணு வகை. இவ்வகையில் தீப்பொறி எழும் கணத்தை ஃபிளைவீலின் காந்தமே தீர்மானிப்பதால், ஃபிளைவீல் அச்சின் மேல் ஒரு சிறிதளவு நழுவினாலும் நேரம் தவறிவிடும். நட்டு தளர்ந்து சாவிக்கட்டை அறுபட்டிருக்க வேண்டும் அல்லது பாதி வெட்டுப்பட்டிருக்க வேண்டும். ஃபிளைவீலை எடுத்து, அச்சின் பள்ளமும் ஃபிளைவீலின் பள்ளமும் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். மாற்றும்போது அதே எஞ்சினுக்குரிய சாவிக்கட்டையையே போடுங்கள், கையில் கிடைத்த இரும்புத் துண்டை அரத்தால் தேய்த்து நுழைக்க வேண்டாம். உங்களுடையதும் டெக்கம்சே எஞ்சின் என்றால், வெளிக் காயிலுக்கும் ஃபிளைவீலுக்கும் இடையே அந்நிறுவனம் குறித்த இடைவெளி 0.0125 அங்குலம், சற்றுத் தடித்த விசிட்டிங் கார்டு ஒன்றை இடையில் வைத்துத் திருகை இறுக்கினால் ஏறத்தாழ அந்த அளவுக்கு வந்துவிடும்.

முந்தைய கேள்விகளில் வந்த பாயிண்ட் வகையில் இதே பழுது வேறு முகத்தோடு வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே கேம் நேரடியாக அச்சில் இருப்பதால், ஃபிளைவீல் நழுவினாலும் பாயிண்ட் உரிய கணத்திலேதான் திறக்கும். ஆனால் அந்தக் கணத்தில் காந்தம் உரிய இடத்தில் இராது. ஆகையால் வெடிச் சத்தத்துக்குப் பதிலாகப் பலவீனமான பொறியோ பொறியின்மையோ தோன்றும். சாவிக்கட்டையைப் பார்க்காமல் காயிலை மாற்றிப் பணத்தை இழப்பதற்கு இது எளிதான இடம். பாயிண்ட் எஞ்சின் கையைப் பின்னுக்கு இழுத்தால், பாயிண்ட் இடைவெளி கூடியிருக்கிறதா, ஸ்டாட்டர் தட்டு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் பாயிண்டை நீக்கிவிட்டு மின்னணு மாட்யூல் போடலாமா? அல்லது புது எஞ்சினே வாங்கிப் பூட்டிவிடலாமா? – மிசிசாகா வாசகர்

பதில்: விஸ்கான்சின் மாநிலத்தில் எஞ்சின் செய்துவந்த டெக்கம்சே, 2007இல் அந்தப் பிரிவை விற்றுவிட்டது, 2008 இறுதியோடு அந்த எஞ்சின்களின் உற்பத்தி நின்றது. ஆயினும் பாயிண்ட், கண்டென்சர், காயில் ஆகியவற்றைப் பிற நிறுவனங்கள் இன்றும் செய்து விற்கின்றன. காயில் வெளியேயும் பாயிண்ட் மட்டும் ஃபிளைவீலுக்குள்ளும் உள்ள பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்ற மற்றொரு நிறுவனத்தின் பழைய எஞ்சின்களில் சிறு மாட்யூல் ஒன்றைச் சேர்த்துப் பாயிண்டைத் தவிர்ப்பது பரவலான பழக்கம். ஆனால் மாட்யூல் போட்டதும் தீப்பொறியின் கணத்தைக் கேம் தீர்மானிப்பதில்லை, சுருளில் மின்னழுத்தம் எழும் கணமே தீர்மானிக்கிறது. காயிலும் உள்ளேயே இருக்கும் டெக்கம்சேயில் இதனால் நேரம் பிசகி, இழுக்கும் கைக்கு அடி விழலாம். ஆண்டுக்குச் சில மாதங்களே ஓடும் இயந்திரத்தில் நன்றாக அமைத்த பாயிண்ட் நெடுங்காலம் உழைக்கும் என்பதால், நான் பாயிண்டையே வைத்துக்கொள்வேன்.

புது எஞ்சின் பூட்ட நினைத்தால், முதலில் அச்சை அளந்து பாருங்கள். பழைய 8 குதிரைத்திறன் எஞ்சின்களில் அச்சு பெரும்பாலும் ஓரங்குல விட்டம். மலிவான புது எஞ்சின்கள் பலவற்றில் முக்கால் அங்குலம். சில ஸ்னோ புளோவர்களின் எஞ்சினில் சக்கரங்களை ஓட்டுவதற்கென்று மெதுவாகச் சுழலும் இரண்டாவது அச்சும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அத்தகைய இயந்திரத்துக்குப் புது எஞ்சின் நேராகப் பொருந்தாது.

உதிரிப்பாகம் வாங்கும்போது, கடைக்காரர் கேட்பது ஸ்னோ புளோவரின் எண் அல்ல, எஞ்சினின் மாதிரி எண்ணும் அதை அடுத்துள்ள விவரக்குறிப்பு எண்ணும். அவை எஞ்சினின் தகர மூடியில் பொறிக்கப்பட்டோ, ஒட்டுச்சீட்டில் அச்சிடப்பட்டோ இருக்கும். துரு மூடியிருந்தால் கம்பித் தூரிகையால் அழுத்தித் தேய்க்காமல், எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, வெள்ளைச் சுண்ணக்கட்டியை எழுத்துகளின் மேல் தேய்த்து வாசியுங்கள். ஒரே மாதிரி எண்ணுக்குள் விவரக்குறிப்பு எண் மாறினால், காயில் ஃபிளைவீலுக்குள் இருப்பதா வெளியே இருப்பதா என்பதே மாறிவிடக்கூடும்.